பதினான்கு அமர்வுகள்: ஒரு மனநல ஆலோசனைச் சேவையில் எனக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

ஏறத்தாழ ஐந்து மாதங்கள், மொத்தம் பதினான்கு அமர்வுகள், ஒரு மனநல ஆலோசனை நிலையத்தின் சேவையைப் பயன்படுத்தியிருக்கிறேன். முதல் இரண்டு அமர்வுகள் ஓர் ஆலோசகரிடம், மீதிப் பன்னிரண்டும் இன்னொருவரிடம். குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் நிலையத்தின் பெயரையோ ஆலோசகர்களின் பெயரையோ சொல்லவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், இப்படியொரு சேவையைத் தேடுகிறவர் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த செய்தி இரவு 11.20 மணிக்குத் தம்பியின் அழைப்பில் வந்தது. அதற்குப் பிந்தைய வாரங்களில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன், வேலைக்கும் திரும்பினேன். துக்கத்தை நன்றாகவே தாங்கிக்கொள்கிறேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் எட்டு மாதம் கழித்து, இரவில் தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளவும் கை விரல்கள் மரத்துப்போகவும் தொடங்கின. ஒருநாள் மூச்சே நின்றுவிடும்போல் இருந்ததால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. பணியில் இருந்த மருத்துவர், "இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, இது பதற்றத் தாக்குதலாக இருக்கலாம், ஓர் உளவியலாளரைப் பாருங்கள்" என்று எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழு வாரங்கள் திரிந்தேன். ஊரில் எத்தனையோ பேருக்குத் தகப்பன் போகவில்லையா, எனக்கு மட்டும் என்ன வந்தது என்ற வெட்கம்தான் காரணம். இதே காரணத்துக்காக இன்னும் சீட்டை மடித்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முன்பதிவு செய்ததும் இரண்டு வினாத்தாள்களை நிரப்பச் சொன்னார்கள். ஒன்று பிஎச்கியூ-9: கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்கும் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மற்றொன்று ஜிஏடி-7: பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விகள், மொத்தம் 21. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் முதலானோர் உருவாக்கிய இவை முறையே 2001-லும் 2006-லும் வெளியாகி, இன்று உலகெங்கும் பொது மருத்துவர்கள்கூடப் பயன்படுத்துபவை. நோய் இன்னதென்று இவை தீர்ப்புச் சொல்வதில்லை. மேலும் விசாரிக்க வேண்டுமா என்பதைக் காட்டுபவை, இரண்டிலும் 10-ஐ எட்டினால் கவனம் தேவை என்று கொள்வது வழக்கம். எனக்கு முதலாவதில் 12, இரண்டாவதில் 16.

பிஎச்கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணங்கள் வந்தனவா என்பது. "சில நாட்கள்" என்ற கட்டத்தில் நான் குறியிட்டிருந்தேன். படிவத்தை அனுப்பி அரை மணி நேரத்துக்குள் நிலையத்திலிருந்து ஓர் உளவியலாளர் அழைத்தார். சுற்றி வளைக்காமல், "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா? வழி ஏதாவது யோசித்திருக்கிறீர்களா? இப்போது வீட்டில் உங்களுடன் யார் இருக்கிறார்கள்?" என்று வரிசையாகக் கேட்டார். காலையில் கண்விழிக்காமலே இருந்துவிட்டால் பரவாயில்லை என்று சில இரவுகளில் தோன்றியது உண்மை, அதற்கு மேல் எதுவும் இல்லை என்று சொன்னேன். நிலைமை மாறினால் முன்பதிவுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று இரண்டு உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டார். இப்படி நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் காட்டுவது அப்படியல்ல. எனக்கு அந்தக் கேள்விகள் பெரும் ஆறுதலாக இருந்தன. யாரிடமும் சொல்லக்கூடாது என்று பொத்தி வைத்திருந்ததை ஒருவர் அதிர்ச்சியடையாமல் கேட்டுக்கொண்டார். இந்த ஒரு செயலுக்காகவே நிலையத்துக்கு முழு மதிப்பெண் தருவேன்.

முதல் ஆலோசகரிடம் கிடைத்தது அந்த அளவுக்கு இல்லை. அவர் மரியாதையானவர், நேரம் தவறாதவர். ஆனால் நான் பேசிய நேரமெல்லாம் மடிக்கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இருபது நிமிடங்களில் ஒரு வரைபடத்தை எடுத்து வைத்து, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளில் நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று கேட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் முன்வைத்த அந்த ஐந்து படிகள், குணப்படுத்த முடியாத நோயில் இறப்பை எதிர்நோக்கியிருந்தவர்களோடு பேசி அவர் கண்டவை. பின்னால்தான் இழப்புக்கு ஆளானவர்கள்மீதும் அவை பொருத்தப்பட்டன. எல்லாரும் அந்த வரிசையில்தான் ஏறிப் போவார்கள் என்பதற்கு ஆய்வின் ஆதரவு இல்லை. அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. எந்தப் படியிலும் என்னைக் காண முடியாமல், துக்கப்படுவதைக்கூட நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்ற எண்ணத்தோடு வெளியே வந்தேன். இரண்டாவது அமர்வில், நடைப்பயிற்சி செய்யுங்கள், நண்பர்களைச் சந்தியுங்கள், அப்பாவின் நல்ல நினைவுகளை மட்டும் நினையுங்கள் என்ற அறிவுரைகள். நல்ல அறிவுரைகள்தான்; ஆனால் அவை எனக்கு வீட்டிலேயே நிறையக் கிடைத்துக்கொண்டிருந்தன.

இனி போக வேண்டாம் என்று முடிவெடுத்த இரவில், ஏன் என்று நான்கு வரிகளில் நிலையத்துக்கு எழுதினேன். சாதாரணமாக நான் அப்படி எழுதுகிறவள் அல்ல, பேசாமல் விலகிக்கொள்கிறவள். மறுநாள் நிலையத்தின் மூத்த உளவியலாளர் அழைத்தார். முதல் ஆலோசகருக்குப் பரிந்து பேசுவார் அல்லது பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அழைப்பை முடித்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அந்த இரண்டையும் செய்யாமல், "அந்த அறையில் உங்களுக்கு எது தேவைப்பட்டது, எது கிடைக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருந்தார். வேறொரு ஆலோசகரை மாற்றித் தர முடியும் என்றும், என் அனுமதி இருந்தால் மட்டுமே முதலாமவரின் குறிப்புகள் புதியவரிடம் போகும் என்றும், வேண்டுமானால் வேறு நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தரவும் தயார் என்றும் சொன்னார். மாற்றிக்கொள்வது அவமதிப்பாகாதா என்று தயங்கியபோது, "ஆலோசகருக்கும் உங்களுக்கும் பொருந்துவதே சிகிச்சையில் பாதி, அவருக்கும் அது தெரியும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் சமாதானம் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல், சிகிச்சை உறவுக்கு மூன்று கால்கள் என்று வகுத்தார்: எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. எந்த வகைத் தெரபியாக இருந்தாலும் இந்த உறவு வலுவாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது அதற்குப் பிறகு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். முதல் இரண்டு அமர்வுகளில் எனக்குப் பிணைப்பும் இல்லை, எதை நோக்கிப் போகிறோம் என்பதும் தெரியவில்லை. ஒரு சேவையின் சான்றிதழ்களையும் அறையின் அழகையும் விட, நாம் குறை சொல்லும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே தரத்தின் முதல் அடையாளமாக நான் இப்போது கொள்கிறேன்.

இரண்டாவது ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். அவருடைய அறையில் கடிகாரம் என் நாற்காலிக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மாட்டப்பட்டிருந்தது. ஐம்பது நிமிடங்கள் முழுவதும் அவர் ஒருமுறைகூட மணிக்கட்டைப் பார்க்காததற்கு அதுதான் காரணம் என்று மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தேன். காகிதக் கைக்குட்டைப் பெட்டி, எட்டி எடுக்க வேண்டாதபடி என் முழங்கையருகே இருந்தது. கண் கலங்கியபோது அவர் அதை என்னிடம் தள்ளவில்லை, அழுகையை நிறுத்தச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதால். முதல் நாளே, நான் சொல்வது எதுவும் அறையைத் தாண்டாது என்றும், என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற நிலைமைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு என்றும் தெளிவாகச் சொல்லிக் கையொப்பம் வாங்கினார். பிறகு, "எது மாறினால், இங்கே வந்தது வீண்போகவில்லை என்பீர்கள்?" என்று கேட்டார். நான் யோசித்து, "இரவில் தொலைபேசி ஒலித்தால், எழுந்து உட்காராமல், படுத்தபடியே எடுத்துப் பேச வேண்டும்" என்றேன். அதை அப்படியே என் சொற்களில் எழுதிக்கொண்டார். பதினான்காவது அமர்வுவரை எங்கள் இலக்கு அந்த ஒரு வரிதான்.

பதற்றத் தாக்குதல் எப்படி நடக்கிறது என்பதை அவர் ஒரு காகிதத்தில் வட்டமாக வரைந்து காட்டினார். நெஞ்சு ஒருமுறை வேகமாகத் துடிக்கிறது. "மாரடைப்பு" என்று மனம் அதற்கு அர்த்தம் சொல்கிறது. அந்த அர்த்தத்தால் பயம் கூடுகிறது. பயத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. துடிப்பு கூடியதே மாரடைப்புக்குச் சான்றாகிவிடுகிறது. உடலின் சாதாரண உணர்வைப் பேராபத்தாகத் தவறாகப் புரிந்துகொள்வதே இந்தச் சுழலின் அச்சு என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். இதைக் கேட்டுப் புரிந்துகொள்வது எளிது, உடல் நம்புவதுதான் கடினம். அதனால் அவர் என்னை அறைக்குள்ளேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொன்னார். இன்னொரு நாள் மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். நெஞ்சு அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, தலை இலேசானது. அவசரப் பிரிவுக்கு ஓடிய இரவில் எனக்கு இருந்த அதே உணர்வுகள். நாற்காலியில் உட்கார்ந்து, அவை தாமாகத் தணிவதை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் எதிரியாகத் தெரிந்த என் நெஞ்சுத் துடிப்பை, ஓடினால் யாருக்கும் வரும் துடிப்பாக முதன்முறை உணர்ந்தது அன்றுதான். இந்தப் பயிற்சியை மருத்துவப் பரிசோதனை முடித்து, பயிற்சி பெற்றவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். அவரும் என் ஈசிஜி அறிக்கையைப் பார்த்த பிறகே தொடங்கினார்.

வீட்டில் செய்ய ஓர் எண்ணப் பதிவேடு தந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து வந்த கருவி அது: மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் தாமாகவே ஓடும் எண்ணங்களைப் பிடித்து, சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. என் பதிவேட்டின் ஒரு வரி இது. சனிக்கிழமை, இரவு 10.45. தொலைபேசி ஒலித்தது. "யாரோ போய்விட்டார்கள்." நம்பிக்கை 95 விழுக்காடு. ஆதரவான சான்று: ஒருமுறை அப்படி நடந்தது. எதிரான சான்று: அதற்குப் பிறகு இரவில் வந்த அழைப்புகள் பதினாறு, பதினாறும் சாதாரணமானவை. மறுபடி மதிப்பிட்டால் நம்பிக்கை 40. பதினாறு என்ற அந்த எண்ணை எழுதுவதற்காகத் தொலைபேசியின் அழைப்புப் பட்டியலை உட்கார்ந்து எண்ணியபோது, வெறும் ஆறுதல் வார்த்தைக்கு என்னிடம் இல்லாத மதிப்பு என் கையெழுத்திலிருந்த அந்த எண்ணுக்கு இருந்தது.

ஆனால் என் பதற்றத்தின் அடியில் இருந்தது வேறொன்று. அது ஏழாவது அமர்வில் வெளிவந்தது. அப்பா இறந்த அன்று மாலை ஆறு மணிக்கு அவர் என்னை அழைத்திருந்தார். அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை, திரும்ப அழைக்க மறந்துவிட்டேன். இதை அதுவரை தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. "அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுபடி மூடிக்கொண்டிருப்பேன். அவர், "அந்த அழைப்பு இன்னும் உங்களுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நாம் சொன்னதை நம்மைவிடத் துல்லியமாகத் திருப்பிச் சொல்வதும், அதை வைத்து நம்மை எடைபோடாமல் இருப்பதும் எவ்வளவு அரிய உதவி என்பதை அன்று உணர்ந்தேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-லேயே சிகிச்சைக்கு இன்றியமையாதவை என்று வலியுறுத்தியவற்றில் இந்த இரண்டும் அடங்கும்.

துக்கத்தைப் பற்றியும் அவர் படிகளைச் சொல்லவில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் முன்வைத்த விளக்கத்தைச் சொன்னார்: இழப்பை நோக்கித் திரும்புவதும், வாழ்க்கையை மறுபடி கட்டுவதை நோக்கித் திரும்புவதும் மாறி மாறி நடக்கும், ஒருநாள் அழுவதும் மறுநாள் சிரிப்பதும் முரண்பாடல்ல, அந்த ஊசலாட்டமே இயல்பான தேறுதல். நான் எட்டு மாதமும் இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டிருந்தேன், முதல் பக்கம் இரவு அழைப்புகளின் வழியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது அமர்வில் எங்களுக்குள் ஓர் உரசல் வந்தது. தம்பியை இரவு பத்து மணிக்கு மேல் அழைக்கச் சொல்லிப் பயிற்சியாகத் தந்திருந்தார். இரண்டு வாரமாக நான் செய்யவில்லை. "இந்த வாரமும் செய்யவில்லையா?" என்று அவர் கேட்ட தொனியில், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் நின்றதுபோல் கூனிக்குறுகிப்போனேன். வீட்டுக்கு வந்து யோசித்து, அடுத்த வாரம் அதைச் சொன்னேன். அவர் தற்காத்துக்கொள்ளவில்லை. "என் குரலில் அவசரம் இருந்தது, உங்கள் பயத்தின் அளவை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லி, பயிற்சியைச் சிறு துண்டுகளாகப் பிரித்தார்: முதலில் பகலில் அழைப்பது, பிறகு மாலையில், பிறகு எட்டு மணிக்கு. அப்பா இறந்த பிறகு நான் மாற்றிவிட்ட பழைய அழைப்பு மணியோசையை முதலில் பகலில் மட்டும் திரும்ப வைப்பதும் அதில் ஒரு துண்டு. சிகிச்சை உறவில் விரிசல் விழுவது இயல்பு, அதைப் பேசிச் சீர்செய்வதே சிகிச்சையின் பகுதி என்று உளவியலாளர்கள் ஜெரமி சஃப்ரானும் கிறிஸ்டஃபர் முரானும் தம் ஆய்வுகளில் வலியுறுத்தியதற்கு நானே ஒரு சான்று. கோபத்தைச் சொன்ன பிறகும் ஓர் உறவு உடையாமல் இருக்கும் என்பதை, வளர்ந்த பிறகு நான் கற்றுக்கொண்ட இடம் அந்த அறை.

நிலையத்தின் குறைகளில் முக்கியமானது ரகசியம் சார்ந்தது. அமர்வுக்கு முந்தைய நாள் வரும் குறுஞ்செய்தியில் "உங்கள் மனநல ஆலோசனை அமர்வு" என்று முழுதாக எழுதியிருந்தது. அலுவலக மேசையில் பூட்டிய நிலையில் வைத்திருந்த தொலைபேசியின் திரையில் அது மின்னியபோது பக்கத்தில் இருந்தவர் படித்துவிட்டார். ஆலோசகர் அவ்வளவு கவனமாகக் காத்த ரகசியத்தை ஒரு தானியங்கிச் செய்தி வெளியே போட்டுவிட்டது. புகார் சொன்னேன், "நாளை உங்களுக்கு முன்பதிவு உள்ளது" என்று மாற்ற அவர்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. ஒரு வரியை மாற்ற மூன்று வாரம் அதிகம். காணொளி வழியாக நடந்த இரண்டு அமர்வுகளும் நேரில் நடந்தவற்றுக்கு ஈடாகவில்லை. இணைப்பு ஒருமுறை துண்டித்தது ஒருபுறமிருக்க, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேச என்னால் முடியவில்லை. மாலை நேர அமர்வுகள் கிடைப்பது அரிது. கட்டணம் என்னைப் போன்றவருக்கே யோசிக்க வைக்கும் அளவில் இருக்கிறது. வருமானத்துக்கேற்பக் குறைக்கும் ஏற்பாடு இருந்தும், கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்கவே கூசுகிறவர்களுக்குத்தான் அது தேவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் இந்த இடம் பொருந்தாது. இங்கே இருப்பவர்கள் உளவியலாளர்களும் ஆலோசகர்களும். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. நாட்கணக்கில் தூக்கமும் பசியும் அற்றுப்போனவர்கள், பிறர் கேட்காத குரல்கள் கேட்பவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டம் மனதில் உருவானவர்கள் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். எனக்கும் நான்காவது அமர்வில், மருந்து தேவைப்படலாம் என்று ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். இப்போதைக்குத் தெரபி போதும் என்று அவர் முடிவு செய்தார். போட்டியாக நினைக்காமல் அனுப்பி வைத்ததை நிலையத்தின் நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். போகிறவர்கள் முதல் அழைப்பிலேயே ஆலோசகரின் படிப்பு என்ன, எந்த முறையில் பயிற்சி பெற்றவர், பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

பதினான்காவது அமர்வில் அதே வினாத்தாள்களை மறுபடி நிரப்பினேன். மனச்சோர்வு 5, பதற்றம் 6. ஒன்பதாவது கேள்விக்கு 0. இரவு அழைப்பு வந்தால் நெஞ்சு இன்னும் ஒருமுறை துள்ளத்தான் செய்கிறது. ஆனால் படுத்தபடியே எடுக்கிறேன். மாலை ஆறு மணி அழைப்பைப் பற்றித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனும் அன்று ஓர் அழைப்பை எடுக்காமல் விட்டிருந்தான்.

முடியும்போது ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். வரவேற்பு, தூய்மை, நேரந்தவறாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரங்கள். எனக்கு அந்த நிலையத்தின் பெருமையாகப்பட்டது எதுவோ அதைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை. ஆகவே, "எங்களிடம் சொல்லத் தயங்கியது ஏதாவது உண்டா?" என்றொரு கேள்வியைச் சேர்க்கும்படி ஓரத்தில் எழுதிக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் தொடர் அமர்வு ஒன்று இருக்கிறது. போகும்போது புதிய படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.